இரண்டாவது பொத்தானின் உயரம்

இயற்கை வளத் துறையில் அவரை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. பேராசிரியர்களுக்கு மீட்டர், மாணவர்களுக்கு மீட்டர் அண்ணன். வாசல் காவலாளி மட்டும் தினமும், "என்ன மீட்டர், இன்னிக்கு எவ்வளவு ஓடிச்சு?" என்று ஒரே பகடியை அலுக்காமல் விட்டுக்கொண்டிருந்தார். மீட்டருக்கு அதில் வருத்தம் கிடையாது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். கொஞ்சம் என்ன, நிறையவே.

பெயர் வந்த கதை இப்படி. பல்கலைக்கழகத்துக்கு மலைமேல் ஒரு காட்டுத் துண்டு உண்டு. அதை நாற்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மரத்துக்கும் எண் தகடு அடித்து வைத்திருந்தார்கள். மழை ஓய்ந்த மாதத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் மூட்டை முடிச்சோடு ஏறிப்போய் அத்தனை மரங்களின் பருமனையும் அளந்துவிட்டு வருவார்கள். மரம் அடியில் பருத்து மேலே ஒடுங்கும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதனால் எந்த உயரத்தில் அளக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தரையிலிருந்து நூற்று முப்பத்தேழு சென்டிமீட்டர் என்பது அவர்கள் கணக்கு. மார்பு உயரம் என்பார்கள். அந்த நீளத்துக்கு வெட்டிய கோலை மரத்தோடு நிறுத்தி, அதன் முனை தொடும் இடத்தில் பெயின்ட்டால் கோடு போட வேண்டும். பிறகு கோட்டின்மேல் டேப்பைச் சுற்ற வேண்டும். அந்தக் காட்டு மரங்களின் பட்டை செதில் செதிலாக உதிர்கிற ஜாதி. போன வருடக் கோடு இந்த வருடம் இருக்காது. வருடா வருடம் புதுசாகப் போட்டாக வேண்டும்.

அவர் உதவியாளராகச் சேர்ந்த இரண்டாவது வருடம், கோலைக் கீழேயே மறந்து வைத்துவிட்டு மலையேறிவிட்டார்கள். திரும்பி இறங்கினால் அரை நாள் போய்விடும், மரத்துக்கு மரம் டேப்பாலேயே உயரம் பார்த்தால் வேலை இரண்டு மடங்காகிவிடும். எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, இவர் ஒரு மரத்தை ஒட்டி நிமிர்ந்து நின்றார். சீருடைச் சட்டையின் இரண்டாவது பொத்தான், சொல்லி வைத்த மாதிரி நூற்று முப்பத்தேழில் இருந்தது. அப்போது இளம் விரிவுரையாளராக இருந்தவர் பத்து மரங்களில் டேப் வைத்துச் சரிபார்த்தார். மயிரிழை பிசகவில்லை.

"இனிமே கோல் எதுக்குய்யா? நீயே கோல்" என்று முதுகில் தட்டினார்.

அன்றோடு கோல் சாமான் அறைக்குப் போய்விட்டது. இவர் மரத்தை ஒட்டி நிற்பார், பொத்தானுக்கு நேராகக் கோடு போடுவார், மாணவர்கள் டேப்பைச் சுற்றுவார்கள். வேலை பாதி நேரத்தில் முடிந்தது. அதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்லவில்லை, திறமை என்றார்கள். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதல் நாளே இவரைத்தான் காட்டுவார்கள், ஏதோ காட்சிப் பொருளைக் காட்டுவது போல. இவரும் நெஞ்சை நிமிர்த்திக் காட்டுவார்.

அந்த இளம் விரிவுரையாளர் அந்த அளவுகளை வைத்தே படிப்படியாக மேலேறித் துறைத் தலைவரானார். முப்பத்தோரு வருட வளர்ச்சிக் கோடு, சட்டம் போட்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் தொங்கியது.

ஆறு வருடத்துக்கு முன்னால் மீட்டர் ஓடைப் பாறையில் வழுக்கி உட்கார்ந்தபடி விழுந்தார். முதுகுத்தண்டில் ஓர் எலும்பு நசுங்கியது. "எலும்பு ரொம்பத் தேஞ்சிருக்கு. இனிமே கொஞ்சம் கொஞ்சமா கூன் விழும், பாத்து நடங்க" என்றார் மருத்துவர். நாற்பது நாள் படுத்திருந்துவிட்டு, அந்த வருட அளவைக்கு முதல் ஆளாக வந்து நின்றார். தினமும் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு ஒரு மனிதன் குறைவது தெரியாது. தனக்கே தெரியாது என்பதுதான் கொடுமை.

அதே வருடங்களில் மழையும் பொய்த்தது. ஆனால் மரங்கள் வளர்ந்துகொண்டே இருப்பதாக அளவுகள் சொல்லின. முன்னைவிட நன்றாகவே வளர்வதாகச் சொல்லின. தலைவர் மகிழ்ந்துபோய், இந்தக் காடு வறட்சியைத் தாங்கும் என்று அறிக்கை எழுதினார். அறிக்கையைப் பார்த்த நீர் வாரியம், காட்டுக்கு மேலேயிருந்து ஓடைத் தண்ணீரைக் குழாய் வழியாக நகரத்துக்குத் திருப்பிக்கொண்டது. மீட்டர் ஒரு தடவை மட்டும் தலைவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், உச்சியெல்லாம் மொட்டையா தெரியுதே. இலையே இல்ல."

"அளவு என்ன சொல்லுது?"

"வளந்திருக்குன்னுதான் சொல்லுது."

"அப்புறம் என்னய்யா?"

அப்புறம் ஒன்றுமில்லைதான். அளவு அவர் போட்ட கோட்டில் எடுத்தது. தன் கண்ணைச் சந்தேகப்பட்டாரே தவிர, தன் கோட்டைச் சந்தேகப்படவில்லை.

இந்த நிலையில்தான் அந்த ஆய்வு மாணவி மாட்டிக்கொண்டாள். மெலிந்த உடம்பு, உரத்த குரல். மரத்தில் பென்சில் கனத்துக்குத் துளை போட்டு உள்ளிருந்து ஒரு குச்சியை உருவி, அதில் வருட வளையங்களை எண்ணுவது அவள் ஆராய்ச்சி. மற்ற மாணவர்கள் அவளை ஊசிக்காரி என்று கூப்பிட்டார்கள். ஐந்து வருடமாக ஊசி போட்டு, எண்ணூறு குச்சிகளை மேஜையில் அடுக்கிப் பார்த்தால், கடைசி ஆறு வருட வளையங்கள் முடியளவுக்கு மெலிந்து கிடந்தன. மரம் வளரவே இல்லை என்று அதற்கு அர்த்தம். மீட்டரின் அளவோ வளர்கிறது என்றது. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும்.

தலைவருக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. "உன் துளை கோணல். இல்லைன்னா எண்ணத் தெரியல" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார். மீட்டரைக் கூப்பிட்டு அவள் எதிரிலேயே கேட்டார். மீட்டர் ஒரு கணம்கூடத் தாமதிக்காமல், "என் கோடு தப்பாது சார்" என்றார். சொல்லும்போது கொஞ்சம் சிரித்தும் விட்டார். அந்தச் சிரிப்பை நினைத்து அவர் பின்னால் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

வெள்ளிக்கிழமை தலைவரையும் சேர்த்து மூன்று பேர் கொண்ட ஆய்வுக் குழு கூடும். அதற்குள் அவள் தன் வளையங்களை நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் பட்டம் கிடையாது, ஐந்து வருடமும் தண்ணீரில் போட்ட உப்பு.

செவ்வாய்க்கிழமை மாலை மீட்டரின் மனைவி அவருடைய புதுச் சீருடைச் சட்டையைத் தையல் இயந்திரத்தில் வைத்து முன்பக்கக் கீழ் விளிம்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அதை எதுக்கு வெட்டுற? புதுசு."

"வெட்டல, மடிக்கிறேன். நீங்க குனிஞ்சு நடக்கிறதுல முன்பக்கம் தொங்குதுல்ல. வருஷத்துக்கு ஒரு விரற்கடை ஏத்தித் தச்சுக்கிட்டுதானே இருக்கேன், ஆறு வருஷமா."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். இவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"எங்கங்க கிளம்பிட்டீங்க?"

"ஆபீஸ்ல ஒண்ணு பாக்கணும்."

சாமான் அறையில் பழைய கோல் சுவரோரமாகச் சாய்ந்திருந்தது. துடைத்து, தரையில் ஊன்றி, அதன் பக்கத்தில் நின்றார். கோலின் முனை அவர் கழுத்துக்கருகில் இருந்தது. பொத்தான் எங்கேயோ கீழே இருந்தது. நிமிர்ந்து நிற்கப் பார்த்தார். வலியில் உயிர் போனது, பொத்தான் ஒரு விரல்கூட ஏறவில்லை. கீழே கோடு போட்டால் மரம் பருமனாகத்தான் காட்டும். அடுத்த வருடம் இன்னும் கீழே, இன்னும் பருமன். மரம் வளரவில்லை, இவர்தான் குட்டையாகிக்கொண்டே வந்திருக்கிறார்.

புதன் போயிற்று, வியாழன் போயிற்று. மனிதர் சொல்லவில்லை. நல்லவர்தான், ஆனால் பயந்துபோனார். ஓய்வுபெற ஒன்பது மாதம் இருந்தது. முப்பத்தோரு வருடமாக அவரிடம் இருந்ததே அந்த ஒரு மரியாதைதான், அதையும் தன் கையாலேயே கழற்றிக் கொடுப்பதென்றால் யாருக்கு மனசு வரும்? மாணவி நூலகத்தில் கண் வீங்கி உட்கார்ந்திருந்ததை இரண்டு தடவை பார்த்தார். இரண்டு தடவையும் வேறு வழியாகப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அளவை நோட்டுகளைத் தூக்கிவரச் சொல்லி ஆள் வந்தது. முப்பத்தோரு நோட்டுகளையும் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். கூட ஒரு கோலும் போயிற்று. அறைக்குள் மாணவி பேசி முடிக்கும் தறுவாயில் இருந்தாள். அவள் குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

தலைவர் மற்ற இருவரையும் பார்த்து, "இவர் கைமேல எனக்கு முழு நம்பிக்கை. சொல்லுங்க மீட்டர்" என்றார்.

மீட்டர் கோலை ஊன்றிப் பக்கத்தில் நின்றார். பிறகு, "ரெண்டாவது பொத்தான் எங்க இருக்குன்னு பாருங்க சார்" என்றார்.

குழுவிலிருந்த நீரியல் பேராசிரியை மட்டும் எழுந்து வந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு டேப் வைத்துப் பார்த்தார். "பன்னெண்டு சென்டிமீட்டர் கீழ" என்றார்.

கூட்டம் கலைந்தபின் தலைவர் கதவைச் சாத்தினார்.

"ஆறு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையேய்யா."

"எனக்கே தெரியாது சார்."

"உன் முதுகு உனக்குத் தெரியாதா?"

தலைவர் அந்தக் கேள்வியோடு நிறுத்திக்கொண்டார். கோல் எதற்கு என்று முதலில் கேட்டது யார் என்பது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.

குழு மாணவிக்கு இரண்டு மாதம் கொடுத்தது. எந்த வருடம் கோடு எவ்வளவு இறங்கியது என்று தெரிந்தால், அந்த அளவுகளைத் திருத்திவிடலாம். வழியை அவளே கண்டுபிடித்தாள். அளவைக்குக் கிளம்புமுன் வருடா வருடம் துறை வாசலின் செங்கல் சுவர்முன் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். செங்கலுக்கு உயரம் உண்டு, பொத்தான் வரைக்கும் வரிசையை எண்ணினால் போதும். ஒத்துப்பார்க்க, ஒரு காலைப்பொழுதில் அவரை அதே சுவரில் சாய்த்து நிறுத்தினாள்.

"அசையாதீங்கண்ணா. சங்கடமா இருந்தா சொல்லிடுங்க."

"நீ அளம்மா. ஊரையே அளந்தவன், என்னை அளக்கக் கூடாதா?"

படியில் போன மாணவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிக்கவில்லை. அவள் படங்களை மேஜையில் பரப்பினாள். முதல் படத்தில் ஓர் ஆள் நெடுநெடுவென்று நின்றிருந்தான். கடைசி ஆறு படங்களில் அவன் வரிசை வரிசையாக இறங்கிக்கொண்டே வந்தான். அவருக்கு வெட்கமாக இருந்தது. வயசானதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும் என்று கேட்கலாம். வெட்கமாகத்தான் இருந்தது.

ஆய்வேட்டில் அதற்கென்று ஓர் அத்தியாயம் வந்தது. அளந்தவரால் நேர்ந்த பிழை என்று தலைப்பு. பெயரைப் போடவேண்டாம் என்று அவள் நினைத்தாள்.

"போடும்மா. மீட்டர்னு போடாத, சொந்தப் பேரைப் போடு" என்றார் இவர்.

அவளுக்குப் பட்டம் கிடைத்தது. திருத்திய வளர்ச்சிக் கோடு கடைசி ஆறு வருடமும் ஏறாமல் படுத்துக் கிடந்தது. தலைவர் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றினார், அவர் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று. நீர் வாரியத்துக்கும் உண்மையை எழுதினார். குழாயை நம்பிப் பாதி நகரம் இருக்கிறது, இனி மூடுவதற்கில்லை என்று நான்கு வரியில் பதில் வந்தது.

அந்த வருடம் மழை ஓய்ந்த மாதத்தில், அளப்பதற்கு முன் உயிருள்ள மரங்களை மட்டும் எண்ணிவிடலாம் என்று முடிவானது. மீட்டரை வரவேண்டாம் என்றார்கள். கேட்கவில்லை. முதல் கட்டம் வரை ஜீப் போகும், அதுவரை வருகிறேன் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

ஓடையில் கல்தான் இருந்தது. மாணவி நோட்டை விரித்தாள். ஒருவர் மரத்தின் எண்ணையும் நிலையையும் கூவ, ஒருவர் எழுதுவது முறை. ஒரு மாணவன் கூவப்போனான். மீட்டர் அவனைக் கையமர்த்திவிட்டுத் தானே மரத்தடிக்குப் போனார். கத்தியால் பட்டையைச் சுரண்டினார். பச்சை தெரியவில்லை.

"ஒண்ணு. பட்டுப்போச்சு."

அவள் எழுதினாள்.

"ரெண்டு. பட்டுப்போச்சு. மூணு, பட்டுப்போச்சு."

நான்காவது மரத்தில் கொஞ்சம் பச்சை இருந்தது. அவர் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள். ஐந்திலிருந்து பதினேழு வரை ஒன்றிலும் இல்லை. ஒவ்வொன்றிலும் அவர் இரண்டு பக்கமும் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். பதினெட்டும் பட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டு, அந்த மரத்திலேயே கை ஊன்றி நின்றார். அவள் பேனாவை மூடினாள்.

"போதும்ணா. நீங்க ஜீப்ல உக்காருங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

"ஆறு வருஷமா இதுங்க நல்லா இருக்குன்னு சொன்னது நான்தானேம்மா. செத்துப்போச்சுன்னும் நானே சொல்லிடறேன். நீ எழுது."

அவள் பேனாவைத் திறந்தாள். முதல் கட்டத்தில் நூற்றுப் பதினோரு மரங்கள். அவர் பத்தொன்பதாவதை நோக்கி நடந்தார்.