தாழ்த்திய காரில் ஏழாம் மாதம்

திருப்பூணித்துறையில் என் மாமியார் வீட்டு வாசலுக்கு என் தம்பியின் கார் வந்ததை நான் பார்க்கவில்லை, கேட்டேன். கேட்டுக்கு முன்னால் ஓடையை மூடியிருக்கும் சிமெண்டு ஸ்லாபில் வண்டியின் அடிப்பாகம் ‘கர்ர்ர்’ என்று தேய்ந்த சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. அடுப்படியில் இருந்த மாமி கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

“என்ன சத்தம் அது? கேட்டு இடிஞ்சு விழுந்திச்சா?”

“இல்ல மாமி. எங்கம்மா வீட்ல இருந்து ஆளு வந்திருக்கு.”

எனக்கு அப்போது ஏழாம் மாதம். முதல் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக அவள் வீட்டார் வர வேண்டும். அது வழக்கம். என்னைப் பெற்ற அத்தா இருந்திருந்தால் அவர் வந்திருப்பார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டதால் அம்மா, அம்மாவின் அண்ணனான எங்கள் மாமா, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என் தம்பி, மூவரும் மட்டாஞ்சேரியிலிருந்து வந்திருந்தார்கள்.

முதல் பிரசவம் என்று சொன்னேனே தவிர, முதல் கர்ப்பம் இல்லை. அதற்கு முந்தையது ஐந்தாம் மாதத்தில் நின்றுபோனது. அதைப் பற்றி எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் பேச மாட்டார்கள். பேசாமலேயே எல்லோரும் என்னை முட்டையைப் போல வைத்திருந்தார்கள். மாடி ஏறக் கூடாது, வாளி தூக்கக் கூடாது, ஸ்கூட்டரில் உட்காரக் கூடாது. டாக்டரும், “குலுங்காம பாத்துக்கோ, அது போதும்” என்றுதான் சொல்லியிருந்தார். இத்தனை பேர் இத்தனை மாதம் காத்ததை ஒரு கார் வந்து கெடுக்கப் பார்க்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

வெளியே வந்து பார்த்தேன். வெள்ளைக் கார், அவன் வாங்கிய நாளிலிருந்து எனக்குப் பழக்கமானதுதான். ஆனால் இப்போது அது தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. சக்கரத்துக்கும் மேலே இருக்கும் தகட்டுக்கும் நடுவில் விரல் நுழையாது. தம்பி பக்கத்தில் நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தான்.

“எப்படி இருக்கு அக்கா?”

“வண்டிக்கு என்னடா ஆச்சு? யாராவது மேல ஏறி உக்காந்துட்டாங்களா?”

“லோ பண்ணிருக்கேன். ஸ்ப்ரிங்கைக் கொஞ்சம் வெட்டினது. வர்ற வழியெல்லாம் ஜனங்க திரும்பித் திரும்பிப் பாத்தாங்க, தெரியுமா?”

“பாப்பாங்க. பாவம், யாரு பெத்த புள்ளையோன்னு பாத்திருப்பாங்க.”

என் வாய் அப்படி. நல்ல வார்த்தை வெளியே வருவதற்கு முன்பு நக்கல் முந்திக்கொள்ளும். அவன் முகம் கொஞ்சம் சுண்டியது. அம்மா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்: “சும்மா இரு. உனக்காகத்தான் செஞ்சான்.”

விஷயம் இதுதான். என் கல்யாணத்தில் எங்கள் வீட்டார் ஒரு வாடகை வேனில் வந்து இறங்கினார்கள். அந்த வேன் பாதி வழியில் நின்று, ஆண்கள் எல்லாம் தள்ளி, சட்டையில் கரியோடு பந்தலுக்குள் நுழைந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். எனக்கு அது மறந்தே போய்விட்டது. தம்பிக்கு மறக்கவில்லை. அடுத்த முறை அக்காவைக் கூப்பிடப் போகும்போது தெருவே பார்க்கிற மாதிரி ஒரு வண்டியில் போக வேண்டும் என்று அவன் மனதுக்குள் முடிந்துவைத்திருக்கிறான். பஜாரில் மளிகைக் கடையில் நின்று நின்று சம்பாதித்ததில் பழைய கார் ஒன்றை வாங்கினான். போன வாரம் அதைத் தாழ்த்தினான். தாழ்த்திய பிறகு தான் ஒருவன் மட்டும் உட்கார்ந்து கடற்கரை ரோட்டில் ஓட்டிப் பார்த்திருக்கிறான். பூப்போலப் போனதாம். நாலு பேரும் சாமானும் ஏறினால் என்ன ஆகும் என்ற யோசனையே அவனுக்கு வரவில்லை.

சாமானுக்கோ குறைவில்லை. மாமி வெறுங்கையோடு அனுப்புகிறவர் அல்ல. தோட்டத்துத் தேங்காய் ஒரு சாக்கு, பலாப்பழம், ஒரு வாழைக்குலை, பலகாரத் தூக்குகள், என் துணிப்பெட்டி. ஒவ்வொன்றாகப் பின்னால் வைக்க வைக்க வண்டி இன்னும் அமுங்கியது. மாமா முன் சீட்டில் உட்கார்ந்ததும் அது ஒரு பெருமூச்சு விட்டது. மாமா கொஞ்சம் கனத்த சரீரம்.

கிளம்பும்போது மாமி என் தலையில் கை வைத்துச் சொன்னார்: “பிஸ்மி சொல்லி ஏறு. இந்த வாசல்ல எடுத்த காலை உங்கம்மா வீட்டு வாசல்லதான் வைக்கணும். வழியில எங்கேயும் எறங்கப்படாது, கேட்டியா?”

அது அவர்கள் வீட்டு வழக்கம். கூட்டிப் போகிற பெண் நடுவழியில் மண்ணை மிதிக்கக் கூடாது. போன தடவைக்குப் பிறகு எந்த வழக்கத்தையும் விட்டுப் பார்க்க யாருக்கும் தைரியம் இல்லை, எனக்கும் இல்லை. என் வீட்டுக்காரர் வல்லார்பாடம் துறைமுகத்தில் ஷிப்டில் இருந்தார். போனில், “மெதுவா போகச் சொல்லு” என்றார். மெதுவாகத்தான் போனோம். அதைவிட மெதுவாகப் போனால் நிற்க வேண்டியதுதான்.

தெரு முனையில் முதல் வேகத்தடை, எங்கள் பக்கம் ஹம்ப் என்போம். தம்பி வண்டியைக் கோணலாகத் திருப்பி ஒரு சக்கரம், ஒரு சக்கரமாக ஏற்றினான். அடியில் தட்டி நின்றுவிட்டது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது.

“மாமா, ஒரு நிமிஷம் எறங்குங்களேன். அம்மாவும்.”

இரண்டு பேரும் இறங்கினார்கள். நான் இறங்கக் கூடாதே. அதனால் நான் பின் சீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மகாராணி மாதிரி இருக்க, அவர்கள் இரண்டு பக்கமும் நடந்து வந்தார்கள். வண்டி தாண்டியதும் ஏறிக்கொண்டார்கள். அடுத்த ஹம்ப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால், அதற்கடுத்தது ஜங்ஷனில். வைற்றிலா வருவதற்குள் மாமாவின் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

“எடேய், நான் மெட்ரோவில ஏறியிருந்தா இந்நேரம் வீட்டுக்குப் போயி சாயா குடிச்சிருப்பேன்,” என்றார் மாமா.

“கொஞ்சம் பொறுங்க மாமா, இனி நல்ல ரோடு.”

“ரோடு நல்லதுதான். உன் வண்டிக்குத்தான் ரோடே ஆகல.”

எல்லோரும் சிரித்தோம், தம்பியும் சிரித்தான். ஆனால் உள்ளே எனக்குச் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. ஹம்பை விடுங்கள், சாதாரண ரோட்டிலேயே ஒவ்வொரு சின்னக் குழியும் நேராக என் முதுகுத்தண்டில் வந்து இறங்கியது. கார் ஸ்ப்ரிங் என்றால் அமுங்கி எழ வேண்டும். வெட்டிய ஸ்ப்ரிங்குக்கு அமுங்க இடமில்லை. பாரம் ஏறிய உடனே அது அடித்தட்டில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கீழே விழுகிற இடியெல்லாம் மேலே இருக்கிறவருக்குத்தான். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், மரப்பெட்டிக்குள் என்னைப் போட்டு யாரோ படியில் உருட்டுகிறார்கள் என்பதுதான். திரும்பும்போதெல்லாம் டயர் மேல்தகட்டில் உரசி ரப்பர் தீய்ந்த நாற்றம் வேறு.

எறணாகுளம் சவுத் பாலம் இறங்கிக் கொஞ்ச தூரத்தில், குழாய் போடத் தோண்டி மூடியும் மூடாமலும் விட்டிருந்த பள்ளம் ஒன்று. முன்னால் போன லாரி மறைத்ததில் தம்பி அதைப் பார்க்கவில்லை. டமார் என்று ஒரே இடி. என் தலை கூரையில் முட்டியது. வயிறு மேலே போய்க் கீழே வந்தது போல இருந்தது.

“ஒண்ணுமில்லேல்ல?” என்று அம்மா என் கையைப் பிடித்தாள்.

“ஒண்ணுமில்ல,” என்றேன்.

காலையிலிருந்து உள்ளே ஓயாமல் உதைத்துக்கொண்டிருந்த குழந்தை அடங்கிவிட்டது. நான் கையை வைத்துப் பார்த்தேன். இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. போன தடவையும் இப்படித்தான், ஒருநாள் எல்லாம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதி எனக்குத் தெரியும். அதன்பிறகு மாமி சொன்னது, வழக்கம், மண்ணில் கால், எதுவும் என் மண்டையில் நிற்கவில்லை.

“வண்டியை நிப்பாட்டுடா.”

“அக்கா, இன்னும் கொஞ்சம்...”

“நிப்பாட்டு. அனங்கல.”

அசையவில்லை என்பதற்கு எங்கள் வாயில் வருவது மலையாளத்திலிருந்து வந்த இந்தச் சொல்தான். அதைக் கேட்டதும் அவன் வண்டியை ஓரமாகக் கூட நிறுத்தவில்லை, நட்டநடு ரோட்டிலேயே நிறுத்தினான். வழக்கத்துக்கு எல்லோரையும்விடப் பயப்படுகிற என் அம்மாதான் கதவைத் திறந்து, “எறங்குடி” என்றாள்.

பக்கத்தில் ஜூஸ் விற்கிற கூல்பார் ஒன்று இருந்தது. கடைக்காரச் சேட்டன் கேள்வி கேட்காமல் உள்ளே பெஞ்சைக் காலி செய்து கொடுத்தார். அம்மா என்னை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தாள். டாக்டருக்குப் போன் போட்டோம். குளிர்ச்சியாக, இனிப்பாக ஏதாவது குடித்துவிட்டு அப்படியே படுத்திருக்கச் சொன்னார், அசைவு வரவில்லையென்றால் உடனே ஆசுபத்திரிக்கு வரச் சொன்னார். சர்க்கரை நிறையப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரை மாமா கொண்டு வந்தார். அவர் அவசரமாக நீட்டியதில் பாதி என் துப்பட்டாவில் கொட்டியது.

தம்பி கடை வாசலில் நடைபாதையில் குந்தியிருந்தான். படுத்தபடியே அவன் முதுகு எனக்குத் தெரிந்தது. அந்த வழியாகப் போன ஒருவர் காரைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

“சேட்டா, அடியில ஆயில் ஒழுகுது, கண்டோ?”

தம்பி திரும்பவில்லை. அவர் மறுபடியும் சொன்னார். அப்போதும் திரும்பவில்லை. அந்த வண்டியில் தூசி விழுந்தால் சட்டையைக் கழற்றித் துடைக்கிறவன் அவன். கடைக்குள்ளே என் முகத்தைப் பார்க்கத் திரும்பினான், பிறகு தரையைப் பார்த்தான்.

எனக்கு அவன் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கல்யாணப் பந்தலில் கரிச்சட்டையோடு ஒரு மூலையில் நின்ற அவன் முகம்தான் ஞாபகம் வந்தது. யா அல்லாஹ், இவனுக்காகவாவது இதைக் கொடு என்று கேட்டேன். நிஜமாகவே அப்படித்தான் கேட்டேன்.

அப்புறம், விலாவுக்குக் கீழே ஒரு சின்ன இடி. கொஞ்சம் கழித்து நல்ல பலமாக இன்னொன்று. வாங்கிய இடிக்கெல்லாம் சேர்த்துவைத்த கோபத்தில் உதைத்த மாதிரி இருந்தது.

“அனங்குது,” என்றேன்.

அம்மா அல்ஹம்துலில்லாஹ் என்று சுவரில் சாய்ந்துகொண்டாள். தம்பி உள்ளே வந்தான், என் கால்மாட்டில் நின்று தேம்பித் தேம்பி அழுதான். வளர்ந்த ஆண் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. சேட்டன் பாவம், அவனுக்கும் ஒரு கிளாஸ் எலுமிச்சைத் தண்ணீர் போட்டுக் கொடுத்தார்.

மறுபடி டாக்டரிடம் சொன்னோம். நல்ல அசைவு இருந்தால் பயமில்லை, நாளைக் காலை வந்து காட்டு, ஆனால் அந்த வண்டியில் ஏறாதே என்றார். தோப்பும்படி வழியாக ஆட்டோவில் போகலாமா என்று மாமா கேட்டார். அம்மா யோசித்துவிட்டுச் சொன்னாள்: “போட் ஜெட்டிக்குப் போவோம். தண்ணியில ஹம்ப் இல்லேல்ல.”

தம்பி கார் சாவியைக் கடைச் சேட்டனிடம் கொடுத்தான். பெயர் கூடத் தெரியாத ஒருவரிடம், வண்டியைப் பூட்டியாச்சா என்றுகூடப் பார்க்காமல். ஓரமாகத் தள்ளிவிட்ட, ஆயில் ஒழுகுகிற வண்டி, பலாப்பழம், தேங்காய்ச் சாக்கு எல்லாம் அங்கேயே கிடந்தன. என் துணிப்பெட்டியை மட்டும் தோளில் தூக்கிக்கொண்டு எங்களோடு ஆட்டோவில் வந்தான், ஜெட்டியில் போட்டில் ஏறினான். காயலில் போட் மெத்தையில் போவது போலப் போனது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எதிர் பெஞ்சில் இருந்தவன் என்னிடம் கேட்டபடியே இருந்தான்.

“அனங்குதாக்கா?”

“ம்.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், “இப்ப?”

மட்டாஞ்சேரியில் இறங்கினால் எங்கள் சந்தில் வேலியேற்றத் தண்ணீர். கடல் ஏறும் நேரத்தில் ஓடை வழியாக உப்புத்தண்ணீர் வந்து கணுக்கால் வரை நிற்பது எங்களுக்குப் புதிதில்லை. அந்தக் கார் வந்திருந்தாலும் உள்ளே வந்திருக்காது. அதைச் சொல்ல என் நாக்கு துடித்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் விழுங்கிய வெகு சில நக்கல்களில் அது ஒன்று.

அம்மா பயந்து பயந்து மாமிக்குப் போன் செய்து, வழியில் இறங்கிவிட்டதைச் சொன்னாள். மாமி முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, “புள்ள அனங்குதுல்ல? அப்ப நல்ல காரியம்தான் செஞ்சீங்க” என்றார்.

தம்பி பழைய அளவு ஸ்ப்ரிங்கையே திரும்பப் போட்டுவிட்டான். இப்போது அது மற்ற கார்களைப் போல ஒரு கார், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் நான் அங்கே இருந்த இரண்டு மாதமும் அவன் கேள்வி ஓயவில்லை. கடைக்குப் போகும் முன் கேட்பான், மதியம் போனில் கேட்பான், வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்பான். “அனங்குதா?” சில நாள் எரிச்சலில், “இல்லடா, சினிமாவுக்குப் போயிருக்கு” என்பேன். அவன் சிரிக்க மாட்டான். சரியான பதில் வரும் வரை வாசலிலேயே நிற்பான்.

மகள் பிறந்த அன்று எல்லோரும் வாங்கிப் பார்த்து முடித்த பிறகும் அவன் ஆசுபத்திரி அறைக் கதவருகிலேயே நின்றான். உள்ளே வரவில்லை.

“வாடா, கடிக்காது,” என்றேன்.

வந்தான். துணியில் சுற்றி அசையாமல் தூங்குகிறவளைக் குனிந்து பார்த்தான். அவன் உதடு அசைந்தது. என்ன கேட்கப் போகிறான் என்று எனக்குத் தெரியும். நான் துணியை விலக்கி, அவன் உள்ளங்கையை எடுத்து அந்தக் காலடியில் வைத்தேன்.

அவள் உதைத்தாள். அவன் கையை எடுக்கவே இல்லை.