மூன்றாவது மூட்டை

திண்டிவனத்து மிஷன் பள்ளி மைதானத்தில் ஓர் அமெரிக்க வாத்தியார் பேஸ்பால் சொல்லிக்கொடுத்தார். வெளிப் பையன்களையும் சேர்த்துக்கொள்வார். பந்தை அடித்துவிட்டு மூன்று மணல் மூட்டைகளையும் வரிசையாகத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே ஓடி வர வேண்டும். ஓர் அடி முதல் மூட்டை வரை கொண்டுபோகும், ஒன்று இரண்டாவது வரை, ஒன்று மூன்றாவது வரை, ஒன்று முழுச்சுற்று. நான்கையும் ஒரே ஆட்டத்தில் அடிப்பவன் அவர் நாட்டிலேயே அபூர்வமாம். இங்கே எவனாவது அடித்தால் உதவியாளனாக வேலை தருவேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். சிரிப்பை அங்கேயே விட்டுவிட்டு, சொன்னதை மட்டும் விழுப்புரத்துக்குக் கொண்டுவந்தான் என் அண்ணன்.

நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம். வேறு எதைப் பிடிப்பது? அப்பா இல்லை. அம்மா கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கி வாங்கும் கூலி கூழுக்கே பற்றாது. பத்தாவது தேறாதவனை எந்த ஆபீசிலும் உள்ளே விடவில்லை. இதுவும் போனால் என்ன கதி?

ஒருநாள் ஆட்டம் பார்க்கத் தங்கச்சி நானும் கூடப் போயிருந்தேன். மூன்று அடிகள் ஆகிவிட்டன. மூன்றாவது மூட்டை வரை போகும் அடி மட்டும் பாக்கி. அடுத்து அவன் அடித்த பந்து வேலியோரம் உருண்டது. அண்ணன் பறந்தான்.

"பேட்டக் கீழ போட்றா, எதுக்குத் தூக்கிக்கினு ஓடற?" என்று ஒருத்தன் கத்தினான்.

தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன் மட்டையை எங்கே விடுவான்? கோட்டில் மட்டையை வைப்பதுபோல எட்டி மூன்றாவது மூட்டைமேல் வைத்தான். நின்றான். என்னைப் பார்த்துச் சிரித்தான். அதற்குள் ஒருவன் ஓடிவந்து பந்தால் அவன் தோளைத் தொட்டு அவுட்டாக்கிவிட்டான்.

"தம்பி, மட்டை தொட்டால் போதாது. உன் கால் தொட வேண்டும்" என்றார் வாத்தியார், பைபிள் தமிழில், அன்பாக. அந்த அன்பைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆட்டம் முடிந்ததும் அண்ணனுக்குத் தெரியாமல், வெட்கத்தை விட்டு அவரிடம் போய் நின்றேன். "ஒரு சாண்தாங்க கொறைஞ்சிச்சி. அந்த வேலைய எங்கண்ணனுக்கே குடுத்துடுங்கய்யா."

"எந்த வேலை அம்மா?" என்றார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

பஸ்ஸில் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டே வந்தான். விக்கிரவாண்டி தாண்டியதும் என் பக்கம் திரும்பினான். "பேட்டப் போட்டுட்டு ஓடியிருந்தா, வேல என்னுதுதான?"

"உன்னுதுதாண்ணே" என்றேன்.