முப்பத்தியோராம் நம்பர் ஃபாரம்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ஆபீஸில் இருந்த முப்பது வருஷமும் மேஜைக்கு அடியில் என் வலது கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு செம்பூர் வீட்டில் உட்கார்ந்த மூன்றாவது மாதமே என் கணவருக்குப் பொறுக்கவில்லை. "ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காதும்பா, உனக்கு ரெண்டுமே இருக்கு" என்று சொல்லி, தெரிந்தவர் மூலமாக அவரே ஒரு வேலை பார்த்துக் கொடுத்தார். சனிக்கிழமை மட்டும் போகிற வேலை. அவருக்கு வாரத்தில் ஒரு நாள் நிம்மதி.

கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் ஒரு தர்ம கிளினிக். சனிக்கிழமை தோறும் அங்கே மூட்டுவாதத்துக்கு ஒரு டாக்டர் வருவார். வைத்தியத்தைப் பற்றி நோயாளி என்ன நினைக்கிறார், அதே நோயாளியைப் பற்றி டாக்டர் என்ன நினைக்கிறார் என்று இரண்டு பக்கமும் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கிற சர்வே அது. வரிசையில் காத்திருப்பவர்களிடம் நான் கேள்விகளைப் படித்துப் பதில்களை நிரப்புவேன். அவர்கள் உள்ளே போய் வந்ததும், டாக்டர் என் பக்கத்தைப் பார்க்காமல் தன் பங்குக்கு அரைப் பக்கம் டிக் அடித்துத் தருவார். இரண்டையும் சேர்த்துக் குத்தி என் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்து, திங்கட்கிழமை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஃபாரத்தில் பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான்.

வேலையை மேற்பார்வையிட்ட பெண் மராட்டிக்காரி, என் மகள் வயது. முதல் நாளே மூன்று விதி சொன்னாள். எழுதியிருப்பதைக் கேள், சொல்வதை எழுது, யோசனை சொல்லாதே. "ஆன்ட்டி, ஆப் டாக்டர் நஹீ ஹைன்", நீங்கள் டாக்டர் இல்லை, என்று சிரித்தபடி கடைசி விதியை இரண்டு தரம் சொன்னாள். என் முகத்தைப் பார்த்தே இவள் ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவள் என்று கண்டுபிடித்திருப்பாள்.

தமிழ்க் கேள்விகளை யார் எழுதினார்களோ, அவர்களை ஒரு நாள் தாராவியில் கொண்டுவந்து விட வேண்டும். "கடந்த ஒரு வார காலத்தில் தங்களால் குழாயைத் திருக இயன்றதா?" என்று ஒரு கேள்வி. "எந்தக் குழாய்? எங்க சந்துல ஹோஸ் பைப்தான் வருது" என்றாள் கோவண்டியிலிருந்து வந்த ஒருத்தி. வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண் கொடுக்கச் சொன்னால் பாதிப் பேர் அதைப் பரீட்சை மார்க்காக எடுத்துக்கொண்டார்கள். பத்து என்றால் நல்லா இருக்கேன் என்று அர்த்தம் என்பார்கள். மாதுங்காவில் நாற்பது வருஷமாக இருக்கும் ஒரு பாலக்காட்டு மாமா மட்டும் வெகுநேரம் யோசித்து "ஆறரை" என்றார். அரைக்குக் கட்டம் இல்லை மாமா என்றேன். "அப்போ உங்க சர்வே சரியில்லை" என்று எழுந்து போய்விட்டார்.

ஒரு ஃபாரத்துக்கு அரை மணி நேரம் என்று கணக்கு. நான் பதினோரு நிமிஷத்தில் முடிப்பேன். அதில் எனக்கு வெட்கமில்லாத பெருமை. ஆபீஸில் பழகிய கை, கட்டத்தைக் கண்டால் நிற்காது. கட்டத்துக்குள் அடங்காமல் ஜனங்கள் சொல்வதை மட்டும் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வேன். கொடுப்பதற்கு முன் அழித்துவிடுவேன்.

அந்த டாக்டர் பெரும்பாலோருக்கு ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை எழுதுவார். வாரத்துக்கு ஒன்றே ஒன்று. வரிசையில் அதற்கு ஞாயித்துக்கிழமை மாத்திரை என்றே பெயர். அம்பர்நாத்திலிருந்து வரும் ஒரு பழைய ஃபாக்டரித் தொழிலாளி ஒரே வாரத்தில் இரண்டு போட்டுவிட்டு வந்து நின்றபோது டாக்டர் போட்ட சத்தம் வெளியே வரை கேட்டது. தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகும், ரத்தம் ஊறுவதே நின்றுபோகும், ஆளே போய்விடலாம் என்று கத்தினார். நான் அதைக் காதால் கேட்டேன். கேட்கவில்லை என்று இப்போது சொல்லித் தப்பிக்க முடியாது.

முப்பத்தியோராம் நம்பருக்கு நாற்பது வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, தாராவியில் நைன்ட்டி ஃபீட் ரோடு பக்கம் வீடு. தாகா கட்டிங் வேலை செய்கிறாள். கார்கானாவில் தைத்து வரும் துணிகளில் தொங்கும் நூலையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து கத்தரித்துக் கொடுக்கிற வேலை அது. அன்றைக்கு அவள் புடவையில் ரோஸ் கலர் வலைத்துணித் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. குழந்தை ஃப்ராக் என்றாள். ஆறு மாசத்துக்கு முன்னால் மடங்கிக் கிடந்த விரல்களை எனக்கு விரித்துக் காட்டினாள். பத்தும் நேராக நின்றன.

"மாத்திரை சாப்பிட மறந்துவிடுவதுண்டா?"

"ஒரு நாளும் விடுததில்ல மேடம். டெய்லி காலையில டீயோட அந்தச் சின்ன மஞ்ச மாத்திரையைப் போட்டுருவேன். அது போட்டாத்தான் கத்திரி ஓடுது."

அதற்கு முன் கேட்ட ஐந்து பேரும் விட்டுவிட்டு விட்டுவிட்டுச் சாப்பிடுகிறவர்கள். ஒழுங்கான ஒருத்தி கிடைத்தாளே என்று சந்தோஷமாக, "மறப்பதே இல்லை" என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

"உணவு உட்கொள்வதில் சிரமம் உண்டா?" கை வாய்வரை தூக்க முடிகிறதா என்பதுதான் அந்தக் கேள்வியின் அர்த்தம்.

"காரம் வாயில வைக்க முடியல. நாலு நாளா மோர்ச்சோறுதான். உள்ள எல்லாம் பொத்துப் போயிருக்கு."

"சிறிது சிரமம்" என்று டிக் போட்டேன். ஃபாரத்தை மூடும்போது அவள், "இது டாக்டருக்குத்தானே மேடம்?" என்று கேட்டாள். அடுத்த ஆளைக் கண்ணால் கூப்பிட்டுக்கொண்டே, "ஆமாம் ஆமாம்" என்றேன்.

திங்கட்கிழமை பத்து மணி இருக்கும். ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வந்தேன். முப்பத்தொன்றில் டாக்டரின் அரைப் பக்கத்தை முதலில் பார்த்தேன். தன் மருந்தை நோயாளி புரிந்துகொண்டிருக்கிறாரா என்ற கேள்விக்கு, முழுமையாக என்று டிக். அவள் பக்கத்தைத் திருப்பி, பென்சில் குறிப்பை அழிக்க ரப்பரை எடுத்தேன். டெய்லி டீயோட, சின்ன மஞ்சள். அதற்கு நாலு விரல்கடை கீழே, வாய் பொத்துப்போய் மோர்ச்சோறு. இரண்டும் என் கையெழுத்து. இரண்டையும் எழுதியபோது என் மூளை எங்கே மேயப் போயிருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. எழுந்து நின்றேன், பிறகு உட்காரவே இல்லை.

மேற்பார்வைப் பெண்ணுக்குப் போன் போட்டேன். அவளும் பயந்துதான் போனாள், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் நம்பருக்கு உரிய பெயரும் போனும் எழுதிய நோட்டு கிளினிக் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சாவி கிளார்க்கிடம். அவர் லீவில் அம்பர்நாத்தில். டாக்டர் வெளியூரில், போனை அணைத்துவிட்டு ஏதோ கான்ஃபரன்ஸில். "சாயங்காலத்துக்குள்ள நம்பர் வாங்கிடறேன் ஆன்ட்டி" என்றாள்.

"சாயங்காலம்தான் ஆகட்டுமே. பதறாத காரியம் சிதறாது" என்றார் என் கணவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"இங்கே சிதறப்போறது காரியம் இல்லை, ஒரு பொம்மனாட்டி" என்று கத்தினேன். சர்வே அட்டையைக் கழுத்தில் மாட்டி, ஃபாரத்தையும் பையையும் எடுத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஆட்டோவில் போகும்போதே தெரியும், இது வைக்கோல்போரில் ஊசி தேடுகிற வேலை. என்னிடம் இருந்த அடையாளமெல்லாம் ரோஸ் கலர் வலைத்துணி ஃப்ராக் ஒன்றுதான். நைன்ட்டி ஃபீட் ரோட்டில் இறங்கி முதல் கார்கானாவில் நுழைந்து, சர்வேயிலிருந்து வருகிறேன், தாகா கட்டிங் பண்ணும் ஒரு தமிழ்ப் பெண்ணைத் தேடுகிறேன் என்று ஹிந்தியில் சொன்னேன். மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இரண்டாவது இடத்திலும் அப்படியே. மூன்றாவது சந்தில் ஒரு அம்மாள் என் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. தாராவியை இடித்துக் கட்டப்போகிற இந்த நாளில் அங்கே சர்வே என்றால் வீட்டை அளந்து, நம்பர் போட்டு, யாருக்கு மாற்றுவீடு உண்டு யாருக்கு இல்லை என்று சொல்ல வருகிறவர்கள். கையில் ஃபாரமும் கழுத்தில் அட்டையுமாக நின்றால் யார் வாயைத் திறப்பார்கள்?

அட்டையைக் கழற்றிப் பையில் திணித்தேன். மழை வேறு தூற ஆரம்பித்தது. குடத்தோடு எதிரே வந்த ஒருத்தியைத் தமிழில் மறித்து, உண்மையைச் சொன்னேன். "ஒருத்தி மாத்திரையை மாத்திச் சாப்பிடறா. கை விரல் மடங்கிப் போய் சரியானவ. குழந்தை ஃப்ராக் நூல் வெட்டறவ. அவ வீட்டைக் காட்டுங்கோ, இல்லைன்னா செத்துப்போயிடுவா."

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "கையி முடங்குன அக்காவா? வாங்க" என்று முன்னால் நடந்தாள். ஒன்றரை மணி நேரமாக நான் சுற்றிய இடத்திலிருந்து மூன்றாவது சந்து.

ஏணி போல ஒரு இரும்புப் படி. மேலே பத்துக்குப் பத்து அறையில் ஃப்ராக் குவியலுக்கு நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். வாயில் துண்டை வைத்து அழுத்தியிருந்தாள். கத்தரிக்கோல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நெற்றியைத் தொட்டால் சுட்டது. அன்று காலை மாத்திரையும் போட்டாகிவிட்டது. எழுந்திருக்கச் சொன்னேன். இந்தத் துணிக்கட்டை முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். ஃப்ராக்கைப் பிடுங்கி எறிந்தேன். யோசனை சொல்லக் கூடாதென்ற விதியெல்லாம் அந்த நிமிஷத்தில் எனக்கு நினைவிலேயே இல்லை.

டாக்ஸியில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். பேசினால் வாய் எரிந்தது. ஆனாலும் பேசினாள்.

"ஞாயித்துக்கெழம போட்டா செவ்வாக்கெழம வரைக்கும் வெரலு நல்லாருக்குக்கா. பொறவு புடிச்சிக்கிடுது. ஆர்டரு கூடிப்போச்சு. டெய்லி போட்டா டெய்லி நல்லாருக்கும்லா? பத்து நாளாத்தான் போடுதேன்."

இதில் என்ன முட்டாள்தனம் இருக்கிறது? அவள் இடத்தில் நானும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பேன்.

"வாய்ப்புண்ணை டாக்டர்கிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். வெட்கக்கேடு.

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அதில் குற்றம் சாட்டுகிற பாவனை துளிகூட இல்லை. இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"அதச் சொல்லணும்னுதான் அன்னைக்கு வந்ததே. மாத்திரையும் டெய்லி போடலாமான்னு கேக்கணும்னு இருந்தேன். நீங்க எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கிட்டிய. டாக்டருக்குத்தான்னு சொன்னிய. பொறவு அவரு வெரலப் பாத்துட்டு, நல்லாருக்கு, இப்படியே போடுன்னாரு. சரி, படிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லுதாருன்னு நெனச்சேன். தப்புன்னா நீங்களே அப்பம் சொல்லியிருக்க மாட்டியளா?"

வெளியே சிக்னலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். என் தப்புதான் என்று சொல்ல வாயெடுத்தேன், டிரைவர் கேட்கிறானே என்று விழுங்கினேன். எப்படிப்பட்டவள் நான், பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தவுடன் வார்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரத்த அணு கிடுகிடுவென்று இறங்கியிருக்கிறது, இன்னும் இரண்டு நாள் போட்டிருந்தால் எங்கள் கையில் இல்லை என்றார் ட்யூட்டி டாக்டர். மாற்று மருந்து ஏற்றினார்கள். அன்றைக்கு முழுதும் வார்டு வாசலில் நான் நடந்த நடைக்குச் செம்பூருக்கும் மாதுங்காவுக்கும் நாலு தரம் போய் வந்திருக்கலாம். பன்னிரண்டு நாள் வைத்திருந்து, பிழைத்துவிட்டாள் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த முதல் நாள் மாலை அவள் கணவர் வந்தார். டெம்போ ஓட்டுகிறவர், செய்தி கேட்டு வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு ஓடி வந்திருந்தார். யாரென்றே தெரியாத ஒரு மேடம் வீடு தேடி வந்து கூட்டிப்போனார் என்று சந்தில் சொல்லியிருக்கிறார்கள். நேரே என்னிடம் வந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். அழுதார். "நீங்க மட்டும் வரலன்னா என் பிள்ளையளுக்குத் தாய் இல்லம்மா. நீங்க தெய்வம்" என்றார்.

அவர் தோளுக்கு மேலாகக் கட்டிலைப் பார்த்தேன். அவள் விழித்துத்தான் இருந்தாள். எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்வாள், இவங்ககிட்ட சனிக்கிழமையே சொன்னேன் என்று சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட இருந்தது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தக் கும்பிடை நான் வாங்கிக்கொண்டேன்.