பயந்தவளுக்குக் கொடுத்த வேலை

எனக்குப் பயம் கொஞ்சநஞ்சமல்ல. பஸ் வளைவில் திரும்பினால் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடிப்பேன். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வாசல் வரை போய், திரும்பி வந்து மறுபடியும் பார்ப்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலிலும் தெரியும். எங்கள் ஊர் எப்போதும்வென்றான். ஊர்ப் பெயருக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அங்கே எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம் உண்டு. மழை பெய்தால் உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம். பெய்யாவிட்டால் வெடித்துக் கிடக்கிற நிலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உட்கார்ந்திருந்தால் பிள்ளைகளின் படிப்பு நடக்குமா? அதனால் காலையில் ஊருக்குள் வரும் வேனில் ஏறி, கோவில்பட்டிக்கு வெளியே ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். பயந்தாங்கொள்ளிக்கு வாய்த்த இடத்தைப் பாருங்கள்.

குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கி, நுனியை மருந்தில் முக்கி, காயவைத்து, பெட்டியில் அடைக்க வேண்டும். அடைக்கிற வேலை முழுக்கப் பெண்களுடையது. ஒரே பெரிய கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். அந்தக் கேட்டுக்குள் ‘தீ’ என்ற சொல்லை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். ‘அது’ என்போம். தீப்பெட்டிகூட வெறும் பெட்டிதான். வாயில் வந்தால் வாசலுக்கு வந்துவிடும் என்று நம்பிக்கை. அவசரத்தில் எப்படி வெளியே ஓடுவது என்று ஒத்திகை பார்க்கச் சொன்னபோது, பாதிப்பேர் தலைவலி என்று சொல்லி வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். ஒத்திகை பார்த்தால் அதை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற மாதிரி ஆகிவிடுமாம். நானும் அந்தப் பாதியில் ஒருத்தி.

எங்கள் முதலாளியை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அண்ணன் தம்பி இருவரில் இளையவர். இடமும் கட்டடமும் மூத்தவர் பேரில் இருந்தன. அவர் சென்னையில் வேறு வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார். லைட்டர் வந்து எங்கள் வயிற்றில் அடித்த காலம் அது. அக்கம்பக்கத்தில் சில ஆபீஸ்கள் பூட்டிக் கிடந்தன. அண்ணாச்சி மட்டும் இன்னும் பெரிதாக நடத்த வேண்டும் என்று நின்றார். ஆனால் அதற்குள் கூடத்தில் இரண்டு தடவை ‘அது’ வந்துபோயிருந்தது. இரண்டாவது தடவை ஒரு பெண்ணுக்குக் கை வெந்துவிட்டது. அப்போது கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மேற்பார்வைக்காரர் எதற்கும் அஞ்சாத ஆள். கைதவறி விழுந்த சட்டத்தைக் காலால் ஒதுக்கிவிட்டு நடப்பார். அவரை அனுப்பிவிட்டு, அந்த வேலையை அண்ணாச்சி எனக்குக் கொடுத்தார்.

“எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. நான் பயந்தே செத்துருவேன்” என்றேன்.

“தைரியமான ஆள வச்சுத்தான் ரெண்டு தடவ பட்டாச்சு. இனிமே பயப்படுத ஆளுதான் வேணும். கண்ணுல ஏதாச்சும் தப்பாப் பட்டா வேலைய நிறுத்திப்புடு. யாருன்னு பாக்காத. நானா இருந்தாலும் நிறுத்து. எதுக்கு நிறுத்துனேன்னு ஒருத்தரும் உன்னக் கேக்க மாட்டாவ.”

எங்கள் ஊரிலிருந்து என்னோடு வேனில் வரும் மதினிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “ஏட்டி, உனக்கா மேற்பார்வை? பல்லி கத்துனாலே வேன விட்டு இறங்கிருவியே!” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை டீ நேரத்தில் அண்ணாச்சி எங்களோடு வந்து உட்காருவார். முதலில், தொழிலை முன்னேற்ற யோசனை சொல்லுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். முதலாளியிடம் போய் யார் யோசனை சொல்வது? “நீங்க சொன்னாச் சரிதான் அண்ணாச்சி” என்று எல்லோரும் டீயைக் குடித்தோம். பிறகு அவர் கேள்வியை மாற்றினார். “இந்த வாரம் எதப் பாத்துப் பயந்தீங்க?” என்றார். அதற்கு எங்களிடம் பதில் இருந்தது. முதல் வாரம் நான் மட்டும் சொன்னேன்; பிறகு ஒருத்தி ஒருத்தியாக வாயைத் திறந்தார்கள். “நெருப்புன்னா வாய் வெந்துருமா? சும்மா சொல்லுங்கம்மா” என்று அவர் கேலி செய்வார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வோம்.

கூடத்தின் இரண்டு கதவும் உள்பக்கமாகத் திறக்கின்றன, எல்லோரும் ஒன்றாக ஓடினால் திறக்கவே முடியாது என்று நான் பயந்ததைச் சொன்னேன். அந்த வாரமே ஆசாரி வந்து கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிவிட்டார். அடைத்த பெட்டிகளைத் தரையில் இழுத்துக்கொண்டு போகும்போது மணல் சரட்சரட்டென்று உரசுகிறதே, பொறி கிளம்பிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்று மருதாணிக் கையோடு வந்த ஒரு புதுப்பெண் சொன்னாள். ரப்பர் சக்கரம் வைத்த தள்ளுவண்டி வந்தது. வண்டி வந்த பிறகு குச்சி சிந்துவது குறைந்தது, இடுப்புவலி குறைந்தது, ஒரு நாளைக்கு அடைக்கிற பண்டல் கணக்கு ஏறியது. எங்கள் பயத்தை ஒவ்வொன்றாக வாங்கி அவர் ஆபீஸை வளர்த்தார் என்றுதான் நினைக்கிறேன். ஆட்கள் நின்றுபோவது அரிதாயிற்று. வெளி மாநிலத்திலிருந்தும் சரக்குக் கேட்டு வந்தார்கள்.

அப்புறம்தான் பெட்டி அடைக்கும் மெஷின் வாங்கப்போவதாகச் சொன்னார். அந்தச் சனிக்கிழமை ஒருத்தியும் டீயைத் தொடவில்லை. மெஷின் வந்தால் எங்கள் கை எதற்கு? அவர் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, “ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன். மெஷின ஓட்டப்போறதே நீங்கதான். எங்கன வைக்கணும், எப்படி வைக்கணும்னு நீங்களே சொல்லுங்க” என்றார். சொன்னபடி எங்களையே இடம் பார்க்கவும் சொன்னார். இரண்டு பக்கமும் கதவு இருக்கிற இடமாகப் பார்த்து, கூடத்தின் நடுவில் வைக்கச் சொன்னோம்.

ஆடி கழியட்டும் என்று காத்திருந்து, ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை பூஜை வைத்தார்கள். ஆடி போயும் காற்று போகவில்லை. வாசலில் நின்றால் கண்ணில் புழுதி. சென்னையிலிருந்து மூத்தவர் வந்திருந்தார், சரக்கு வாங்குகிறவர்கள் வந்திருந்தார்கள். கடம்பூர்ப் போளி டப்பா டப்பாவாக வந்து இறங்கியது. மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தோம். வந்தவர்கள் முன்னால் உடனே ஓட்டிக் காட்ட வேண்டும் என்பதற்காக, மருந்து காய்ந்த குச்சிச் சட்டங்களை மெஷினுக்கு அருகிலேயே ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். வைக்கச் சொன்னது அண்ணாச்சி.

தீப்பெட்டி ஆபீஸில் பூஜைக்கு ஒரு முறை உண்டு. கற்பூரத்தைக் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரமாகத்தான் ஏற்றுவோம். ஆயுத பூஜையானாலும் அப்படித்தான். உள்ளே இருக்கிற மெஷினுக்கும் மருந்துக்கும் அங்கே நின்றபடியே காட்டிவிட்டு, கற்பூரம் அணைந்த பிறகு திருநீறை மட்டும் உள்ளே கொண்டுவருவோம். அன்றும் அப்படித்தான் ஏற்றினார்கள். மூத்தவருக்கு அது பொறுக்கவில்லை.

“புது மெஷின் உள்ள நிக்கு. ரோட்டுக்கா தீபம் காட்டுதது? இப்படிக் காட்டுனா எப்படி வெளங்கும்?” என்று சொல்லிக்கொண்டே கற்பூரத் தட்டைக் கையில் எடுத்தார். எடுத்தவர் கேட்டுக்குள் நடந்தார். பூசாரி மணியை ஆட்டிக்கொண்டு அவர் பின்னால் வந்தார். வழியில் நின்ற ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். சிலர் கைகூப்பினார்கள்.

நான் கூடத்துக்குள் மெஷின் பக்கத்தில் நின்று, திறந்த கதவு வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பெண்கள் எல்லோரும் என் பின்னால், புடவை மாற்றி, பூ வைத்து நின்றார்கள். தட்டு வாசற்படி தாண்டியது. இரண்டு கதவும் திறந்திருந்ததால் காற்று நேராகக் கூடத்துக்குள் பாய்ந்தது. கற்பூரம் நிறைய வைத்திருந்தார்கள். சுடர் படுத்து, நீண்டு, தட்டுக்கு வெளியே நாக்கை நீட்டியது. நீட்டிய பக்கம் சட்டங்கள். ஒரு துணுக்கு பறந்து அதில் விழுந்தால் போதும்.

அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் அண்ணனுக்குப் பின்னால் கைகூப்பியபடி வந்துகொண்டிருந்தார். அவர் நிறுத்திவிடுவார், இதோ நிறுத்திவிடுவார் என்று பார்த்தேன். நல்ல நேரத்தில், கற்பூரம் எரியும்போது, வீட்டு மூத்தவரை நில் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் என் பின்னால் நிற்கிறவர்கள் போவார்கள். இதைக்கூட நான் யோசித்துச் செய்யவில்லை. பயம் தாங்காமல்தான் கத்தினேன்.

“நில்லுங்க! உள்ள வராதீங்க!”

என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. மணி நின்றுவிட்டது. மூத்தவர் தட்டோடு அப்படியே நின்றார். “யாரு இவ?” என்றார். நான் ஓடிப்போய் அவருக்கும் சட்டங்களுக்கும் நடுவில் நின்றேன். முகத்தில் சுடரின் சூடு பட்டது. “தட்ட வெளிய கொண்டு போங்க பெரியண்ணாச்சி. இங்கன ஆகாது” என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

“நல்ல காரியத்துல நில்லுங்குதா. அழ வேற செய்யுதா. இவளத்தான் நீ மேற்பார்வைக்கு வச்சிருக்கியா?” என்று தம்பியைப் பார்த்துக் கேட்டார். அண்ணாச்சி கூப்பிய கையை இறக்கவேயில்லை. பிறகு அவர் தரையைப் பார்த்தபடி, “அண்ணே, வெளிய போயிருவோம்” என்றார். மூத்தவர் திரும்பி நடந்து, தட்டை ரோட்டோரம் வைத்துவிட்டு, கார் ஏறிப் போய்விட்டார். கற்பூரம் அங்கேயே எரிந்து முடிந்தது. போளியை யாரும் வாயில் வைக்கவில்லை. வந்திருந்த வியாபாரிகள் என்னைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். அன்று முழுவதும் அண்ணாச்சி என் பக்கமே வரவில்லை.

வேனில் யாரும் என்னோடு பேசவில்லை. மதினி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். “நானும் பாத்தேம்ட்டி. எல்லாரும்தான் பாத்தோம். நல்ல நேரத்துல எப்படிச் சொல்ல?” என்றாள். வீட்டுக்காரரிடம் சொன்னதும், “உனக்கு எதுக்குட்டி இந்தப் பெரிய எடத்துப் பொல்லாப்பு? ஒண்ணும் நடந்திருக்காது” என்றார். நடந்திருக்காமலும் போயிருக்கலாம். அதை இனி யாரும் சொல்ல முடியாது. இடம் மூத்தவருடையது, அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஆபீஸுக்கே பூட்டுப் போட்டுவிடலாம். அத்தனை பேர் பிழைப்பில் மண்ணைப் போட்டவள் என்ற பெயரோடு ஊரில் எப்படி இருப்பது என்று பயந்தேன்.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் வேன் நிற்கும் இடத்திலேயே அண்ணாச்சி நின்றிருந்தார். மற்றவர்களை உள்ளே போகச் சொல்லிவிட்டு என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். கணக்கை முடித்து அனுப்பப்போகிறார் என்று நினைத்தேன். நான் முந்திக்கொண்டு, “தப்புதான் அண்ணாச்சி, நேரம் காலம் தெரியாமக் கத்திட்டேன்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “நீ கத்துறதுக்கு முன்னாலயே நான் பாத்துட்டேம்மா. அண்ணன் தட்டத் தூக்கும்போதே பாத்தேன். காத்து எப்படி அடிக்குன்னும் தெரியும். சட்டத்த அங்கன வைக்கச் சொன்னதே நான்தான, அதுவும் நெனப்பு வந்துச்சு. வாய் வரல. சின்ன வயசுலேருந்து அவிய முன்னால நான் எதுத்து ஒரு வார்த்த பேசுனதில்ல. நீ சத்தம் போடலைன்னா அப்படியே கும்புட்டுக்கிட்டுத்தான் நின்னிருப்பேன்.”

வேலை போகவில்லை. அண்ணனைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம் என்றும் சொன்னார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதுவரை என் பயத்துக்கெல்லாம் ஒரு கரை இருந்தது. என் கண்ணுக்குத் தப்பினாலும் மேலே இவர் இருக்கிறார், இவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பித்தான் நான் தினமும் அந்தக் கூடத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தேன். எங்கள் எல்லோர் வாயையும் திறக்கவைத்தவர் தன் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். என்னைவிடப் பயந்தவர் அவர்.

“அண்ணாச்சி, எனக்குக் காய்ச்சல்னு ஒரு நாள் வராம இருந்தா? அன்னைக்கு யாரு நிறுத்துவா?”

அவர் கூடத்துப் பக்கம் பார்த்தார். உள்ளே பெண்கள் மெஷினை ஓட்டத் தொடங்கியிருந்தார்கள்.

“தெரியலம்மா” என்றார்.

அதற்குப் பிறகு நான் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.