பிரேக்கக்கா வாய் திறக்காத ஒன்பது நிமிடம்

வகுப்பு தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போதே பிரேக்கக்கா நாற்காலியை முன்னே இழுத்து, பின்னே தள்ளி, முதுகை நிமிர்த்தி, லேப்டாப் திரையை இரண்டு விரலால் லேசாகச் சாய்த்துப் பார்ப்பார். இருபத்திரண்டு வருடம் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்த உடம்பு. எங்கே உட்கார்ந்தாலும் முதலில் சீட்டு, அப்புறம் கண்ணாடி. கார் பழகுகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில், தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை நம்பியே காலம் தள்ளியவர். வகுப்பிலும் திரையில் டீச்சர் கொஞ்சம் வேகமாகப் பேசினால் மேஜைக்கு அடியில் வலது கால் தானாக அழுத்தும். பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

படித்தது முதுமையியல். வயதானவர்களின் உடம்பு, மனசு, தூக்கம், மறதி, அவர்களோடு எப்படிப் பழகுவது எல்லாம் ஒரு வருடப் படிப்பு, ஆன்லைனில். ஐம்பத்து மூன்று வயதில் இதென்ன ஆசை என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"எழுபத்தொரு வயசுல ஒரு அம்மா கார் கத்துக்க வந்தாங்க. வீட்ல யாருக்கும் தெரியாது. சின்னப் பசங்க ஸ்டியரிங்கைப் பிடுங்கிக் கையில குடுத்துடுவானுங்க. இவங்க அவ்ளோ பதமாப் பிடிச்சாங்க. லைசென்ஸ் கைக்கு வந்த அன்னிக்கு என்னைக் கட்டிப்பிடிச்சு ஒரே சிரிப்பு, ஒரே அழுகை. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இனிமே நம்ம கூட்டம் இதுதான்னு."

சும்மா சொல்லக் கூடாது, அக்காவின் படிப்பு அரைகுறைப் படிப்பு இல்லை. ஒரு மணி நேரம் முதியவராக இருந்து பாருங்கள் என்று பாடத்தில் ஒரு பயிற்சி வந்தது. மற்றவர்கள் வீட்டுக்குள் செய்து முடித்தார்கள். அக்கா நீச்சல் கண்ணாடியில் எண்ணெயைத் தடவி, காதில் பஞ்சை அடைத்து, ஷூவுக்குள் காய்ந்த பட்டாணியைப் போட்டு, கைக்கு ரெண்டு ஜோடி ரப்பர் உறை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்கே கிளம்பிவிட்டார். "என்னக்கா, கண் ஆபரேஷனா?" என்று கடைக்காரர் அலறினார். "கத்தாதப்பா! மெதுவா, தெளிவாச் சொல்லு, அப்பத்தான் வயசானவங்களுக்குப் புரியும்" என்று அவருக்கும் ஒரு வகுப்பு எடுத்துவிட்டு, சோப்பு என்று நினைத்து மெழுகுவர்த்திப் பெட்டியை வாங்கி வந்தார். வீட்டுக்கு வந்து கண்ணாடியைக் கழற்றிப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்.

எழுத்துப் பரீட்சையில் எல்லாம் தொண்ணூறுக்கு மேல். உதைத்தது செய்முறைத் தேர்வுதான். அதற்குக் காரணம் வேறொன்றும் இல்லை, அக்காவின் வாய்.

முதியவர் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். எத்தனை விநாடி ஆகிறது என்று மாணவர் குறிக்க வேண்டும். டீச்சர் லேப்டாப் திரை வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். "ஆரம்பிங்க" என்று சொன்ன பிறகு மாணவர் வாய் திறக்கக் கூடாது. கை எட்டும் தூரத்தில் கூடவே போகலாம், விழப் போனால் ஒழியத் தொடக் கூடாது. வீட்டிலேயே எண்பத்து நான்கு வயதில் மாமனார் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்று அக்கா அவரையே நடக்கவைத்தார். அந்த மூன்று மீட்டருக்குள் பதினோரு கட்டளை போட்டார். "நேராப் பாருங்க மாமா... ஒடிங்க, ஒடிங்க, இன்னும் ஒடிங்க... பின்னாடி பாத்து ரிவர்ஸ்!" மாமனார் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நடுவழியில் நின்றேவிட்டார். "அவர் எங்கம்மா நடந்தாரு? நீங்கதானே ஓட்டிட்டுப் போனீங்க" என்றார் டீச்சர். ஃபெயில்.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் கோட்டைவிட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். முதியோர் பகல்நேர மையத்தில் வேலை தயாராக இருந்தது. ஆனால் திங்கட்கிழமைக்குள் சான்றிதழ் வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அக்காவோ டிரைவிங் ஸ்கூலில் ராஜினாமாவையே கொடுத்துவிட்டார். அவசரக்காரி என்று கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டாவது தேர்வு நடந்தது சென்ற வெள்ளிக்கிழமை காலை. "ஆரம்பிங்க மாமா" என்றார் அக்கா. அதோடு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். மாமனார் எழுந்தார். ஒன்று, இரண்டு, மூன்று அடி. நான்காவது அடியில் நின்று மூக்கை உறிஞ்சினார். அக்காவுக்கும் வாடை வந்துவிட்டது. தேர்வுப் பதற்றத்தில் அடுப்பில் வைத்த பாலை மறந்தே போயிருந்தார்!

மாமனார் நடக்க வேண்டிய பாதையை விட்டு விலகி நேராகச் சமையலறைக்கு நடந்தார். அக்காவுக்கு உயிரே போய்விட்டது. முப்பது வருடம் ரயில் நிலைய கேன்டீனில் டீ போட்ட மனிதர் அவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் சமையலறையில் ஒருமுறை கால் தடுக்கியது. அன்றிலிருந்து அந்த அறைக்கே அவருக்குத் தடை. தடை போட்டது வேறு யாருமில்லை, அக்காதான். அவர் வாசற்படி வரை வந்தாலே, "உக்காருங்க மாமா, நான் கொண்டு வர்றேன்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

இப்போது சொல்ல முடியாது. ஓடுகிற ஸ்டாப்வாட்சைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே போனார். திரையில் டீச்சருக்குத் தெரிந்தது காலி நாற்காலி மட்டும்தான்.

மாமனார் அடுப்பை அணைத்தார். துணியை எடுத்து வழிந்த பாலைத் துடைத்தார். பிறகு மருமகளைத் திரும்பிப் பார்த்து, வழக்கமாக வரும் அதட்டலுக்குக் காத்திருந்தார். வரவில்லை.

"என்னம்மா, இன்னிக்கு ஒண்ணும் சொல்லலையா?"

அக்கா இல்லை என்று தலையை ஆட்டினார். கிழவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. மிச்சப் பாலை ஒரு பாத்திரத்தில் ஊற்றினார். டீத்தூள் டப்பா இரண்டு வருடத்தில் இடம் மாறியிருந்தது. உப்பைத் திறந்தார், மூடினார். சோடா மாவைத் திறந்தார், மூடினார். 'மேல் தட்டு, இடது பக்கம்!' என்று அக்காவின் நெஞ்சுக்குள் ஒரு கூப்பாடு. வலது கை தானாகத் தட்டை நோக்கி எழும்ப, இடது கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மாமனார் தானே தேடிக் கண்டுபிடித்தார். பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஒரு சொட்டு சிந்தாமல் இரண்டு கப்பை நிரப்பினார். இந்த மனுஷரை இத்தனை நாள் உட்காரவைத்தே கெடுத்துவிட்டோமே என்று அக்காவுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் முட்டியது. அதே நேரம் சிரிப்பும் பீறிட்டது. எதையும் வெளியே விட முடியாமல் கன்னம் உப்பி நின்றார்.

கைக்கு ஒரு கப்பாக ஏந்தி, அடிமேல் அடி வைத்து மாமனார் திரும்பி வந்தார். ஒன்றை மேஜையில் வைத்துவிட்டு, மற்றொன்றோடு நாற்காலியில் சாய்ந்தார். அக்கா ஸ்டாப்வாட்சை அழுத்தினார்.

"எவ்ளோ நேரம்?" என்றார் டீச்சர்.

"ஒன்பது நிமிஷம் பன்னெண்டு செகண்ட், மேடம்." ஒன்று விடாமல் நடந்ததைச் சொல்லிவிட்டு, போச்சு, எல்லாம் போச்சு என்று அக்கா தலை குனிந்தார்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு சிரிப்பு. "பேச்சுச் சத்தமே இல்லாததால நெட்டு போச்சோன்னு பயந்துட்டேன். சரி, டீ இல்லாம இன்னொரு தடவை நடக்கச் சொல்லுங்க, நேரத்தைக் குறிக்கணும்ல?"

இந்தத் தடவை பதினாறு விநாடி. அக்கா பாஸ்!

திரை அணைந்ததும் அக்கா துள்ளி எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி, மூச்சு வாங்க உட்கார்ந்து, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். மாமனார் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா இருக்கு?"

அக்கா எழுந்திருக்கவில்லை. காலை நன்றாக நீட்டி உட்கார்ந்துகொண்டு, காலிக் கப்பை அவரிடம் நீட்டினார்.

"இன்னொண்ணு போடுங்க மாமா. சர்க்கரை கொஞ்சம் தூக்கலா."