காசு கொடுத்து வாங்கிய சிரிப்பு

அம்மா போன மாதம் இறந்தார். மாரடைப்பு. அவரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அது பொய் சொல்லும் முகம்.

கண்களுக்குக் கீழே இரண்டு பைகள். கீழ்நோக்கி வளைந்த வாயோரங்கள். சின்ன வயதிலிருந்தே அப்படி. வயது ஏற ஏறக் கூடியது. உள்ளே இருந்ததோ, நான் பார்த்ததிலேயே சந்தோஷமான ஆள். கல்யாண வீடுகளில் முன்பின் தெரியாதவர்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் சரியாயிடும்மா" என்பார்கள். என் பட்டமளிப்பு விழாப் படத்தில், மகள் எஞ்சினியர் ஆன குற்றத்துக்காக யாரோ கைது செய்ததுபோல என் பக்கத்தில் நிற்கிறார்.

அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியர். காரில் அவருடைய காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதற்கு வேலையே இருக்காது. கற்றுக்கொள்பவர்கள் ஓரக்கண்ணால் அந்த முகத்தைப் பார்த்ததுமே வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்.

"டீச்சர், ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லப்பா, சூப்பரா ஓட்டுறே."

நம்ப மாட்டார்கள்.

அம்மாவின் சிரிப்பு முகத்துக்கு வந்து சேராது. தோள்கள் மட்டும் குலுங்கும். அதை வைத்துக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான்.

ஒருநாள் சாப்பிடும்போது அம்மா அறிவித்தார். "நான் மூஞ்சிக்கு ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன்."

அப்பா பூட்டு, சாவிக் கடை வைத்திருப்பவர். வாயையும் யோசித்துத்தான் திறப்பார். "இந்த வயசுல சின்னப் பொண்ணா ஆகி என்ன பண்ணப் போற?"

"சின்னப் பொண்ணா யாருங்க ஆகணும்னாங்க? நான் சிரிச்சா சிரிக்கிற மாதிரி தெரியணும். அவ்வளவுதான். ஊர்ல இருக்கிற ஆறுதலை எல்லாம் நானே எத்தனை நாளைக்கு வாங்கிக்கறது?"

அன்று சித்தியும் வந்திருந்தார். அம்மாவின் தங்கை, இந்த விஷயத்தில் கரை கண்டவர். "உதட்டுக்கு ஊசி போட்டு உப்ப வச்சேன். அது பழைய ஃபேஷன் ஆயிடுச்சுன்னு கரைக்கறதுக்கு இன்னொரு ஊசி போட்டேன். பண்ணிக்கிட்டதே தெரியாத மாதிரி பண்ணிக்கறதுதான் இப்ப ட்ரெண்ட், அக்கா."

"தெரியக் கூடாதுன்னா எதுக்குடி பண்ணணும்? எனக்கு நல்லாத் தெரியணும்!"

"இப்ப எல்லாருக்கும் ஒரே மூஞ்சி," என்றார் அப்பா. "ஒரே அச்சுல வெட்டின சாவி மாதிரி. ஒண்ணு இருந்தா தெருவையே திறக்கலாம்."

அம்மாவின் தோள்கள் குலுங்கின. அதைப் பார்த்ததும் அப்பா தோற்றுவிட்டார்.

நான் மருத்துவமனைகளில் லேசர் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவள். என் கருத்தையும் கேட்டார்கள். கீழ் இமை இறங்கிப்போகலாம், கண் வறளலாம், ரத்தம் கசியலாம் என்றேன்.

"உன்கிட்ட கேட்டா ஒரு அடி எடுத்து வைக்கறதுக்கே ஆபத்து சொல்லுவே," என்றார் அம்மா.

டாக்டர் அம்மாவின் படத்தைத் திரையில் போட்டார். திருத்த வேண்டிய இடங்களைக் கண்பை, வாயோரம் என்று குறிக்க ஆரம்பித்து, நெற்றிக்கு ஏறி, மூக்கில் இறங்கி, கழுத்துவரை போய்விட்டார். அம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"டாக்டர், வண்டி சர்வீஸுக்கு வந்திருக்கு. புது வண்டி வாங்க வரலை."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீக்கம் வடியும்வரை வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடியோடு உலாவினார். கண்ணாடியைக் கழற்றிய அன்று, சிரிக்க ஒன்றுமே இல்லாதபோதும் அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது. சித்தி கைதட்டினார். அப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

புது முகத்தோடு எடுத்த முதல் வகுப்பு ஒரு தையற்காரருக்கு. பாதிப் பாடத்தைப் பழைய முகத்திடம் முடித்தவர். அதைப் பார்த்தே வேகத்தை அளந்து பழகியவர். திருப்பத்தில் வழக்கம்போல ஓரக்கண்ணால் பார்த்தார். டீச்சர் சிரிக்கிறார்! கடைசியில் தனக்கும் கார் ஓட்ட வந்துவிட்டது என்று பூரித்துப்போய் ஆக்சிலரேட்டரை அழுத்தினார்.

"மெதுவா! மெதுவாப்பா!"

திரும்பிப் பார்த்தார். அதே சிரிப்பு. இன்னும் அழுத்தினார்.

அம்மா தன் பிரேக்கை ஓங்கி மிதித்தார். முடிதிருத்தும் கடையின் விளம்பரப் பலகையைச் சாய்த்துவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது. உள்ளே, பாதி சவரத்தில் இருந்த ஒருவர் நுரையோடு எழுந்து நின்றார்.

"நீங்க சிரிச்சீங்களே, டீச்சர்!"

"ஐயோ, நான் சிரிக்கலப்பா! மூஞ்சிதான் சிரிக்குது!"

ஒரு நொடி. பிறகு இருவரும் காருக்குள்ளேயே மடிந்து விழுந்து சிரித்தார்கள். பலகையைத் தூக்க வந்த கடைக்காரரும், எதற்கென்று தெரியாமலே சேர்ந்துகொண்டார்.

அதன்பின் ஒவ்வொருவருக்கும் அம்மாவின் முதல் பாடம் இதுதான்: "என் மூஞ்சியைப் பாக்காதீங்க. ரோட்டைப் பாருங்க."

அன்று வீட்டில் இந்தக் கதையைக் கேட்டு எல்லோரும் சிரித்து ஓய்ந்தோம். அப்பா மெல்லச் சொன்னார்: "முன்னாடி நீ சிரிக்கறது எனக்கு மட்டும்தான் தெரியும்."

"இப்ப ஊருக்கே தெரியுது. பொறாமையா?"

"லேசா."

அம்மா இறந்தபோது எந்தப் படத்தை வைப்பது என்ற பேச்சு வந்தது. புதுப் படத்தை எடுத்துப் பார்த்துவிட்டுச் சித்தியே தயங்கினார். "சாவு வீட்டுல இவ்வளவு சிரிப்பா, மாமா?"

"அவ காசு கொடுத்து வாங்கின சிரிப்பு," என்றார் அப்பா. "அதுதான் இருக்கணும்."

தையற்காரர் துக்க முகத்தோடு உள்ளே வந்தார். படத்தைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். "இந்த மூஞ்சியை நம்பித்தாங்க நான்..." அதற்குமேல் முடியவில்லை. கதை எல்லோருக்கும் தெரியும். சித்திதான் முதலில் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். பிறகு கூடம் முழுக்கச் சிரிப்பு. அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல ஒருவருக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை.

சத்தம் அடங்கியதும் அப்பா சட்டைப் பையிலிருந்து என் பட்டமளிப்பு விழாப் படத்தை எடுத்து நீட்டினார்.

"தோளைப் பாரும்மா."

பார்த்தேன். நான் தெளிவாக இருந்தேன். பின்னால் இருந்த தூண் தெளிவாக இருந்தது. அம்மாவின் தோள்கள் மட்டும் மங்கலாக, விளிம்பு கலைந்து இருந்தன. கேமரா பிடிக்க முடியாத வேகத்தில் குலுங்கியிருக்கின்றன.