வலது எஞ்சினை முதலில் நிறுத்து

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவன். எழுதத் தெரிந்தவர்கள் நிறைந்த ஊரில் நான் எழுத உட்கார்ந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை வேறு யாரும் எழுதப்போவதில்லை.

சுனாமிக் கடல் வந்துபோய் இரண்டு வருடம் கழிந்திருந்தது. கல்முனையில் என் மச்சானின், அதாவது மனைவியின் அண்ணனுடைய, போட்டோக் கொப்பிக் கடையில் வேலை செய்தேன். கடையில் கடிதம் அடிக்கிற பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதில் சீடியிலிருந்து ஏற்றிய, சண்டை விமானம் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றும் இருந்தது.

பாண்டிருப்பு டியூஷன் வாத்தியார் ஒருவர் கேள்வித்தாள் அடிக்க வருவார்; தமிழர், நாங்கள் சேர் என்றுதான் கூப்பிடுவோம். என் வயதுதான். வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டதால் மனைவியோடு தகரக் கொட்டிலில் இருந்தார். பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு கடையில் ஆள் இருக்காது. அப்போது இருவரும் விளையாடுவோம். மற்றவர்கள் எதிரியைச் சுட்டதும் விமானத்தை வானத்திலேயே விட்டுவிட்டு எழும்பிப் போவார்கள். சேர் விடமாட்டார். தரையிறக்கி, ஓரத்தில் நிறுத்தி, எஞ்சின்களை மெதுவாக ஓடவிட்டு ஆறவைத்து, ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்த வேண்டும். அவசரப்பட்டால் அடுத்த முறை எஞ்சின் கிளம்பாது.

"என்னப்பா, இன்னும் இறங்கல்லியா? சோறு ஆறுது" என்று மச்சான் சத்தம் போடுவார்.

"இறங்கிட்டன். எஞ்சின் சூடு ஆறணும்."

"கம்ப்யூட்டருக்குள்ள என்னடாப்பா சூடு? சேர், இவன வீட்ட அனுப்புங்க. தங்கச்சி எனக்குத்தான் ஏசுவா."

"இன்னும் ஒரு எஞ்சின் இருக்கு முதலாளி. சோத்த மூடி வைக்கச் சொல்லுங்க."

எனக்கு ஒழுங்கு மறந்துவிடும். ஒருநாள் சேர் இங்கிலீஷில் இருந்ததை வாசித்துச் சொல்ல, நான் ஒரு தாளில் தமிழில் எழுதினேன். வலது எஞ்சினை முதலில் நிறுத்து. ஊசி பூச்சியத்துக்கு வரும்வரை பார்த்திரு. பிறகு இடது. எரிபொருளை மூடு. கடைசியாக பற்றரி.

சேர் அதைப் பார்த்துச் சிரித்தார். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். "உங்கட எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு காக்கா. நான் வடிவா எழுதிக் கொண்டாறன்." தாளை மடித்துத் தன் பைலுக்குள் வைத்தார்.

புலிகள் இயக்கத்திடமும் விமானம் இருக்கிறது என்று ரேடியோ சொல்லத் தொடங்கியிருந்த நாட்கள் அவை. அந்தச் செய்தியை இருவரும் அந்தக் கடையில் இருந்துதான் கேட்டோம். தாளைப் பற்றி இருவருக்கும் யோசனை வரவில்லை.

அடுத்த வாரம் ஆமிக்காரர்கள் கொட்டில்களைச் சோதித்தார்கள். பைலில் தாள் அகப்பட்டு சேரைப் பிடித்துவிட்டார்கள் என்று காலை பத்து மணிக்கு ஒருவர் வந்து சொன்னார். மச்சான் உடனே கம்ப்யூட்டரில் இருந்த விளையாட்டை அழித்தார். "அந்த சீடியையும் முறிச்சி எறி" என்றார். எனக்கு முறிக்க மனம் வரவில்லை. கொப்பி மெசினுக்குக் கீழே கடதாசிக் கட்டுக்குள் செருகினேன்.

சற்று நேரத்தில் சேரைக் கடைக்கே கூட்டிவந்தார்கள். அது விளையாட்டு, கடையில் காட்டுகிறேன் என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டரைத் திறந்து தேடினார். இல்லை. மறுபடியும் தேடினார்.

"சீடி இருக்கா?" என்று அதிகாரி மச்சானைக் கேட்டார்.

"அப்படி ஒண்டும் இல்ல ஐயா. இவர் கேள்வித்தாள் அடிக்க மட்டுந்தான் வாற."

சேர் என் பக்கம் திரும்பினார். "காக்கா, சொல்லுங்க. அது உங்கட எழுத்துத்தானே."

கடதாசிக் கட்டு என் முழங்காலில் முட்டிக்கொண்டிருந்தது. குனிந்தால் எடுத்துவிடலாம்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியா" என்றேன்.

சேரை ஜீப்பில் ஏற்றினார்கள். அவர் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏழு மாதம் கழித்து சேரை வெளியே விட்டார்கள். அதன்பின் அவர் டியூஷன் கொடுக்கவில்லை. சந்தையில் என்னைக் கண்டால் சைக்கிளை உருட்டிக்கொண்டு அடுத்த தெரு ஒழுங்கைக்குள் போய்விடுவார். மச்சான் இப்போது கல்யாண வீடுகளில் இதைப் பகிடியாகச் சொல்கிறார். சோறு தின்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று எனக்கும் ஆறுதல் சொல்கிறார்கள். யாராகவோ இருந்திருக்கட்டும். அன்று அங்கே நின்றது நான்.

சேரைக் கொண்டுபோன அடுத்த நாள் காலை, கடை திறக்க முதலே சேரின் மனைவி வாசலில் நின்றார். அந்த சீடி இருந்தால் தரச்சொல்லிக் கேட்டார். சீடி இல்லையென்று மச்சான் சொன்னார். என்னை உள்ளே இருக்கச் சொன்னார். இருந்தேன்.